தென்னாப்பிரிக்கா, டர்பன் கோயில் மதிலோரம் படுப்பவர்கள்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

செட்ஸ்வர்த் மேடு
விடியற்காலையில் லாரி வந்து மதிலோரம் கிடந்த அட்டை, போர்வை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். கமிட்டியில் பாதிப் பேர் "இப்பத்தான் வாசல் வாசலா இருக்கு" என்கிறார்கள். மனசில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்பது ஒன்றுதான். அந்தத் தாத்தா லாரிக்குப் பின்னால் ஓடினார். போர்வையைக் கேட்கவில்லை. "என் பை, என் பை" என்றுதான் கத்தினார். சாதாரண கடைப் பை. உள்ளே ஐடியும் பட்டன் போனும். அரசு உதவித்தொகை கொடுக்கிற சாஸ்ஸாவின் 370 ரேண்டைக் கடையில் வாங்க ஐடியும் வேண்டும், விண்ணப்பத்தில் கொடுத்த நம்பர் உள்ள போனும் வேண்டும். இரண்டும் ஒரே பையில் போய்விட்டன.

உம்கேனி ரோடு அக்கா
தம்பி, அழுது பிரயோசனம் இல்லை, வரிசையாகச் செய்யணும். முதலில் உள்துறை அலுவலகம். ஐடி நம்பர் ஞாபகம் இல்லாவிட்டாலும் கைரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள். மறு அட்டைக்கு 140 ரேண்ட். அது வரும்வரை தற்காலிகச் சான்றிதழ், அதற்கு 70 ரேண்ட். இது கையில் வந்த பிறகுதான் சிம் கடைக்குப் போகணும், முன்னால் போனால் திருப்பி அனுப்பிவிடுவான். பழைய நம்பரையே கேளுங்கள். புது நம்பர் வாங்கினால் சாஸ்ஸாவில் நம்பர் மாற்றுகிற வேலை தனியாக இழுக்கும். சிம் பதிவில் முகவரி கேட்பார்கள், தெருவில் படுப்பவர் மாட்டுவது அங்கேதான். கமிட்டி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஐடியின் நகலைக் கோயில் பீரோவில் வைத்திருந்தால் இந்த ஓட்டத்தில் பாதி மிச்சம்.

பீனிக்ஸ்காரன்
எல்லாம் சரி அக்கா. வெள்ளிக்கிழமை வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஒரு பையன் பிரியாணித் தட்டை இரண்டு கையாலும் வாங்கினான், கும்பிட்டான், மதில் திரும்புவதற்குள் டாக்ஸிக்காரரிடம் விற்றுவிட்டான். எதற்கு? சுகர்ஸ் என்கிற போதைப்பொருளுக்கு. நீங்கள் போடுவது அன்னதானம் இல்லை, வியாபாரிக்கு முதல்.

இரவு ஷிப்ட் நர்ஸ்
பீனிக்ஸ்காரருக்கு: சுகர்ஸோ வூங்காவோ, அடிப்படை ஹெராயின்தான். கடைசியாக இழுத்து 6 முதல் 12 மணி நேரத்தில் அரோஸ்டா, அதாவது போதை கிடைக்காத வேதனை, தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். வயிறு முறுக்கும், வாந்தி, பேதி. அந்த நேரத்தில் அவன் முன்னால் பிரியாணியை வைத்தால் விற்கத்தான் செய்வான், அவனால் விழுங்கவே முடியாது.

"பத்து நாள் எங்கேயாவது பூட்டி வைங்க" என்று போன கூட்டத்தில் கைதட்டு வாங்கிய யோசனை இதைவிட ஆபத்து. அந்தப் பத்து நாளில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே இழுத்தால் மூச்சு நின்றுவிடும். மெத்தடோன் என்கிற மாற்று மருந்தைக் கொடுத்து மெதுவாகக் குறைப்பது அதனால்தான். 2020 ஊரடங்கில் டர்பனில் வீடற்றவர்களுக்கான முகாம்களில் அதைச் செய்து காட்டினார்கள், பிறகு பெல்ஹேவனில் அதற்கான நிலையமும் வந்தது. மதிலோரம் ஒருவர் எழும்பாமல் கிடந்தால் உதட்டைப் பாருங்கள். நீலமாகி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, மூச்சு விட்டு விட்டு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸுக்கு 10177 அடியுங்கள், மொபைலில் 112. தண்ணீர் ஊற்றி எழுப்பவேண்டாம்.

பெரிய தேக்சா
பிரியாணி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை. நூறு தட்டுக்கு 10 கிலோ அரிசி, 5 கிலோ சுகர் பீன்ஸ் (ராஜ்மா மாதிரிப் பயறு) போதும். பீன்ஸை ராத்திரியே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடணும். புதுத் தண்ணீரில் முதல் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கணும், பிறகுதான் தீயைக் குறைக்கலாம். அரைவேக்காட்டு பீன்ஸ் நல்ல வயிற்றையே புரட்டும், நர்ஸம்மா சொல்கிற வயிறு என்ன ஆகும்? எண்ணெய், மிளகாய் பாதியாக்குங்கள். பலருக்குப் பல் இல்லை, ரொட்டி வேண்டாம், குழைந்த சோறும் பருப்பும்தான் இறங்கும். சோறு 60 டிகிரிக்குக் கீழே ஆறி இரண்டு மணி நேரம் வேனில் கிடந்தால் கிருமி பெருகும், மறுபடி சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது. சின்னச் சின்னப் பாத்திரமாக மூடி எடுத்துப்போங்கள். 2018-ல் வந்த ஆர்638 உணவுச் சுகாதார விதிப்படி சமையல் இடத்துக்கு ஏற்புச் சான்றிதழும் கேட்பார்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு கோஷ்டி ஒரே வாசலில் நிற்கிறது, செவ்வாய்க்கிழமை ஈ காக்கை கிடையாது. புரட்டாசியில் கேட்கவே வேண்டாம். மிஞ்சிய தட்டை விற்காமல் பையன் என்ன செய்வான்?

கிரே தெரு வக்கீல் குமாஸ்தா
லாரி விஷயத்துக்கே வருகிறேன். ஜோஹானஸ்பர்க்கில் பாலத்தடியில் படுத்தவர்களின் சாமான்களை இப்படித்தான் அள்ளி அழித்தார்கள். 2019-ல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் இங்கோமானே வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அட்டையும் மெத்தையும் 'வீடு' ஆகாது, எனவே 1998-ன் வெளியேற்றத் தடைச் சட்டம் பொருந்தாது. ஆனால் சாமான்களை அழித்தது அவர்களின் கண்ணியத்துக்கும் சொத்துரிமைக்கும் எதிரானது, ஆளுக்கு 1,500 ரேண்ட் கொடு என்றது. கமிட்டி லாரியைக் கூப்பிடுமுன் இதைப் படிக்கட்டும்.

"ஷெல்டருக்குப் போகட்டுமே" என்பவர்களுக்கு: பகலில் வெளியே தள்ளிப் பூட்டுவது, புருஷன் பெண்சாதியைப் பிரித்துப் படுக்கவைப்பது என்ற ஷெல்டர் விதிகளை 2017-ல் டிலாட்லா வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றமே செல்லாது என்றது. சும்மாவா போகமாட்டேன் என்கிறார்கள்?

பீனிக்ஸ்காரன்
தீர்ப்பு வாசலைக் கழுவுமா ஐயா? காலையில் பூ வைக்க வரும் ஆயாக்கள் எதை மிதித்துக்கொண்டு வருகிறார்கள் என்று கேளுங்கள்.

உம்கேனி ரோடு அக்கா
அது கழிப்பறைப் பூட்டின் வேலை. பூஜை முடிந்ததும் பின்கட்டுக் கக்கூஸைப் பூட்டிவிட்டு ராத்திரி முழுக்க எங்கே போகச் சொல்கிறீர்கள்? ஒரு கக்கூஸ், வெளிக்குழாய், ஒரு விளக்கு, காலை ஐந்து மணிக்குக் கழுவ அங்கே படுப்பவரிலேயே ஒருவருக்குக் கூலி. லாரியைப் பற்றி வாதாடிய நேரத்தில் இதை முடித்திருக்கலாம். சாவி செயலாளரிடம் இருக்கிறது, ஞாயிறு கூட்டத்தில் நீங்களே கேளுங்கள்.