மெழுகு மணலில் குதிரை ஓடுவது நல்லதா?

உப்புவெளியான்:
நுவரெலியாவில் புல்தரை ஓட்டம் பார்த்துப் பழகியவன் நான். நேற்றிரவு யூடியூப்பில், அமெரிக்காவின் சாண்டா அனிடா மைதானத்தில் நடந்த 2009 பிரீடர்ஸ் கப் கிளாசிக் குதிரைப் பந்தயம் பார்த்தேன். செனியாட்டா என்ற பெட்டைக் குதிரை கடைசியில் கிடந்து, எல்லாரையும் தாண்டி வென்றது. புழுதியே இல்லை! மணலோடு நார், ரப்பர் கலந்த செயற்கைத் தளமாம். அடுத்த வருடமே சாண்டா அனிடா மண்ணுக்குத் திரும்பிவிட்டது. ஏன்?

கோட்டையடி:
தண்ணீர் வடியவில்லை தம்பி. 2008 தொடக்கத்தில் மழை பெய்து ஓட்டங்களையே ரத்துச் செய்தார்கள். எந்தக் காலநிலைக்கும் ஏற்றது என்று விற்ற தளம்! அதிலும் மணலுக்கு மெழுகு பூசிய தளமென்றால் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். நம் உப்புவெளிக் கரையில் நடந்து பார்: அலை நனைத்த மணலில் பாதம் பதியாது, நாலடி மேலே கணுக்கால்வரை புதையும்.

மான்குட்டி:
அண்ணை, குதிரைகளைக் கேட்டால் வேறு பதில் வரும். அமெரிக்கக் கணக்கில், ஓட்டத்தில் அடிபட்டுச் சாகும் விகிதம் மண்ணைவிடச் செயற்கைத் தளத்தில் குறைவு. கீன்லாந்து என்ற இன்னோர் அமெரிக்க மைதானம் 2014இல் மண்ணுக்குப் போனதும் பெயர்பெற்ற மண் ஓட்டக் குதிரைகளை இழுக்கத்தான்.

உப்புவெளியான்:
அப்படியென்றால் வடிகாலைத் திருத்தியிருக்கலாமே! சரி, பின்னேரம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைக்குப் போகிறேன்.