வண்ணக் கண்ணாடி வகுப்பு: வெட்டு கைவராத மாணவரைச் சால்டர் வைக்க விடலாமா?

கேள்வி: பாம்பன் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாம்பனில் ஒரு சிறு கூடத்தில் வண்ணக் கண்ணாடி வேலை கற்றுக்கொடுத்து வருகிறேன். கண்ணாடியை வரைபடத்தின்படி வெட்டி, ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் செம்பு நாடா ஒட்டி, சால்டர் என்னும் பற்றவைப்பு உலோகக் கலவையை உருக்கி இணைக்கும் முறைதான் எங்களுடையது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஏழு பேருடன் ஆரம்பித்தோம். விசைப்படகுகள் கரையில் நின்ற அந்த 61 நாட்களும் எல்லோரும் தவறாமல் வந்தார்கள். படகுகள் மறுபடி கடலுக்குப் போன பிறகு, மூன்று பேரால் வாரத்தில் ஒரு நாள்தான் வர முடிகிறது. இப்போது ஏழு பேரும் ஏழு நிலையில் நிற்கிறார்கள்.

மண்டபத்திலிருந்து வரும் அம்மா கடலில் பாசி எடுப்பவர். வெட்டும் சக்கரம் கண்ணாடி மேல் ஓடும்போது எழும் ஒலி அவர் கையில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருக்கும். திரும்பிப் பார்க்காமலேயே அது அவருடைய வெட்டு என்று சொல்லிவிடலாம். தங்கச்சிமடத்து மாணவி ஒருத்தி ஆவுளியா (கடற்பசு) ஒன்றை 31 துண்டுகளில் வரைந்து, 22 துண்டுகளை வெட்டி முடித்திருக்கிறாள். ஆனால் துடுப்புக்குக் கீழே உள்ள உள்வளைவுத் துண்டு ஐந்து முறை உடைந்துவிட்டது. ஐந்து முறையும் அதே இடத்தில், வளைவின் ஆழத்திலிருந்து நேராக வெளிவிளிம்பு வரை. அந்த நீலக் கண்ணாடியில் இனி ஒரு சாண் அகலம்தான் மீதி இருக்கிறது. ஆவுளியாவின் கண்ணை எப்படி அமைப்பது என்பதும் அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் தெளிவான விடை கிடைக்கவில்லை.

எல்லோருக்கும் முன்னதாக ஒரு இளைஞர் கிளிமீன் ஒன்றை முடித்து, கடலைப் பார்த்த தம் வீட்டுச் சன்னலில் தொங்கவிட்டார். மூன்று வாரத்தில் இணைப்புகளின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, ஓரங்களில் பச்சை படர்ந்துவிட்டது. அதை அவர் துணியில் சுற்றி வகுப்புக்கு எடுத்து வந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மற்றவர்களில் இருவர் சங்கு வடிவம் செய்கிறார்கள். ஒருவர் இன்னும் நேர்கோட்டுப் பயிற்சியிலேயே இருக்கிறார். இன்னொருவர் தாம் கருவுற்றிருப்பதாகச் சென்ற வாரம் தெரிவித்தார்.

வெட்டிய துண்டுகள் எல்லாம் வரைபடத்தின் மேல் நகக்கனம் கூட விலகாமல் அமரும் வரை ஒருவரும் நாடா ஒட்டக் கூடாது என்பது நான் வைத்த விதி. அந்த விதியால் இரண்டு பேர் மனம் தளர்ந்து போயிருப்பதைக் காண்கிறேன். விதியைத் தளர்த்தலாமா? வெள்ளைப் பூப்புக்கு என்ன காரணம்? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: கீழக்கரை, கண்ணாடிக் கடை

வணக்கம் அம்மா. நான் வண்ணக் கண்ணாடி செய்பவன் அல்லன். சன்னலுக்கும் படச்சட்டத்துக்கும் கண்ணாடி வெட்டி 35 ஆண்டுகளாகப் பிழைப்பவன். வெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மாணவியின் கண்ணாடி ஐந்து முறையும் ஒரே இடத்தில் உடைந்தது என்றால் அது கையின் குற்றமாக இருக்க வாய்ப்பில்லை. வெட்டும் வரிசைதான் காரணம். கண்ணாடியில் விரிசல் தனக்கு எளிதான வழியில், கூடியவரை நேராக ஓடப் பார்க்கும். ஆழமான உள்வளைவை ஒரே இழுப்பில் பிரிக்க முயன்றால் அது வளைவை விட்டு நழுவி நேரே போய்விடும். முதலில் இறுதி வளைவைக் கீறிவிட்டு, அதை உடைக்காமல் அப்படியே விடச் சொல்லுங்கள். பிறகு வெளிவிளிம்புக்கு அருகில் ஆழம் குறைந்த பிறை ஒன்று, அதற்குள் சற்று ஆழமான பிறை இன்னொன்று என மூன்று நான்கு பிறைகள் கீறி, வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் குறட்டால் மெல்லப் பிடித்து எடுக்க வேண்டும். மாங்காயைத் தோல் தோலாகச் சீவுவது போன்ற வேலை அது. கடைசியில் நிற்கும் சிறு பற்களை நீர் விட்டு அரைக்கும் இயந்திரத்தில் தேய்த்துவிடலாம்.

கீறலைப் பற்றியும் ஒரு சொல். அழுத்திக் கீறினால்தான் நன்றாகப் பிரியும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். கீறலின் இருபுறமும் வெள்ளைச் செதில் தெறித்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொருள். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய கோடுதான் நல்ல கீறல். அதன் மேல் இரண்டாம் முறை சக்கரத்தை ஓட்டவே கூடாது. கண்ணாடியும் கெடும், சக்கரமும் மழுங்கும். மேலே சொன்ன உள்வளைவைத் தவிர மற்றவற்றைக் கீறிய உடனே பிரித்துவிட வேண்டும்.

நம் கடற்கரைக்கு என்று ஒன்று உண்டு. கச்சான் காற்று வீசும் நாட்களில், சுவரோரம் சாய்த்து வைத்த கண்ணாடியில் ஒரே இரவில் உப்புப் பிசுக்கு படிந்துவிடும். அதன் மேல் ஓட்டினால் சக்கரம் இடையிடையே வழுக்கி, கோடு விட்டுவிட்டு விழும். வெட்டுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

விதியைத் தளர்த்த வேண்டாம் என்பதே என் கருத்து. தவறான வெட்டைச் சால்டரால் மூடக் கற்றுக்கொண்ட கை பிறகு எளிதில் திருந்தாது.

பதில் 2: ராமநாதபுரம், மின்னணுப் பழுது பார்ப்பவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். என் தந்தையார் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். நான் அதே பற்றவைப்பைச் சிறிய அளவில் செய்கிறேன். அந்த வெள்ளைப் பூப்பைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவித் தேய்ப்பார். பித்தளையின் மேல் உள்ள களிம்பை அது அரித்து நீக்கினால்தான் ஈயம் பற்றும். உங்கள் வகுப்பில் செம்பு நாடா மேல் தடவும் ஃப்ளக்ஸுக்கும் அதே வேலைதான். பல வகை ஃப்ளக்ஸில் துத்தநாக குளோரைடும் நவச்சாரமும் இருக்கின்றன. அவை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்புகள். வேலை முடிந்த பிறகு இணைப்பின் ஓரத்திலும் நாடாவின் அடியிலும் தங்கும் மிச்சம் ஈரமாகி, உலோகத்தைத் தொடர்ந்து அரிக்கிறது. பச்சை, செம்பு அரிக்கப்பட்டதன் அடையாளம். வெள்ளை, ஈயக் கலவையும் ஃப்ளக்ஸ் மிச்சமும் சேர்ந்து பூத்தது. உள்நாட்டு ஊரில் பல மாதம் கழித்துத் தெரிவது, உப்புக்காற்று வீசும் பாம்பனில் மூன்றே வாரத்தில் தெரிந்திருக்கிறது.

ஆகவே சால்டர் வைத்த அன்றே கழுவ வேண்டும். மறுநாள் வரை வைக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்புடன் ஒரு கரண்டி ஆப்பசோடா கலந்து, பழைய பல் துலக்கியால் ஒவ்வொரு இணைப்பையும் இருபுறமும் தேய்த்து, நல்ல நீரில் அலசி, துணியால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் உலர்த்துங்கள். முழுதும் உலர்ந்ததும் மெழுகு பூசி மெருகேற்ற வேண்டும். கடலோர வீட்டில் அந்த மெழுகைச் சில மாதங்களுக்கு ஒரு முறை புதுப்பிப்பது நல்லது. இளைஞருடைய கிளிமீன் கெட்டுப்போய்விடவில்லை. சோடா நீரில் கழுவி, மெல்லிய இரும்புப் பஞ்சால் தேய்த்து, இடைவெளி விட்ட இடங்களில் மட்டும் மறுபடி சிறிது சால்டர் ஓட்டி, அன்றே கழுவிவிடுங்கள். மாட்டும் கொக்கி இரும்பாக இருந்தால் பித்தளைக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்ததை மிகுந்த அக்கறையுடன் எழுதுகிறேன். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதை நினைத்து, சால்டரையும் அதே ஈயம் என்று மாணவர்கள் கருதிவிடக் கூடாது. 60/40 சால்டரில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். இந்தக் காரீயம் நஞ்சு. கருவுற்றிருக்கும் அந்தச் சகோதரி சால்டர் மேசைப் பக்கமே வர வேண்டாம். தாயின் இரத்தத்தில் சேரும் காரீயம் குழந்தைக்குப் போய்ச் சேரும். அவர் வரைபடம் வரையட்டும், கண்ணாடி வெட்டட்டும், அதுவும் முடிந்தால் வேறு அறையில். மற்றவர்களும் அந்த மேசையில் தேநீர் அருந்தக் கூடாது. கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பாசி எடுக்கும் அம்மாவின் விரல்களில் பாறை கீறிய வெட்டுக்காயங்கள் இருக்கக்கூடும். அவருக்குக் கையுறை கட்டாயம் கொடுங்கள்.

பதில் 3: தேவகோட்டை

வணக்கம். வெட்டைப் பற்றிக் கீழக்கரை ஐயா சொன்னது அனைத்தும் சரி. விதியைப் பற்றிச் சொன்னதில் மட்டும் நான் வேறுபடுகிறேன். அவருடைய வேலையில் வெட்டுதான் முடிவு. நம் வேலையில் வெட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டங்கள் உள்ளன. வெட்டின் குற்றம் அந்தக் கட்டங்களில்தான் முழுதாக முகம் காட்டுகிறது. இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் உருகிய சால்டர் அதன் வழியே ஒழுகி மறுபுறம் திரளும். கோடு ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் நிற்கும். அதைத் தன் கையால் ஒரு முறை செய்து பார்த்தவர், அடுத்த துண்டை வெட்டும்போது எங்கே கவனம் வேண்டும் என்று தாமாகவே அறிந்துகொள்வார். நீங்கள் பத்து முறை சொன்னாலும் அந்த அறிவு வராது.

பெரிய வேலையை நிறுத்தி வையுங்கள். ஆனால் மாணவரை நிறுத்தி வைக்காதீர்கள். உள்ளங்கை அளவில், நேர்கோடுகள் மட்டும் உள்ள நான்கு துண்டுச் சதுரம் ஒன்றை ஒவ்வொருவரும் தொடக்கம் முதல் மெழுகு வரை முடிக்கட்டும். 3 மி.மீ. கண்ணாடிக்கு ஏறக்குறைய 5.5 மி.மீ. அகல நாடா போதும். விளிம்பின் நடுவில் ஒட்டினால் இருபுறமும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலாக மடியும். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் மடித்தால் சால்டர்க் கோடும் அப்படியே கோணும். 60/40 சால்டர் 183 டிகிரியில் இளகத் தொடங்கி 190 டிகிரியை ஒட்டி முழுதும் உருகிவிடும். விரைவில் இறுகுவதால் உருண்டு எழும்பிய கோடு புதியவர் கைக்கும் வரும். 50/50 வகை அதிக நேரம் கூழாக நிற்கும் என்பதால் பழகுகிறவர்களுக்கு வேண்டாம்.

இனி ஆவுளியாவின் கண். ஒரே துண்டின் நடுவில் வட்டமான ஓட்டையை நம் சக்கரத்தால் வெட்ட முடியாது. ஒவ்வொரு கீறலும் ஒரு விளிம்பில் தொடங்கி ஒரு விளிம்பில் முடிந்தாக வேண்டும். ஐரோப்பியத் தேவாலயச் சன்னல்களில் முகங்களின் கண்களை வெட்டாமல், கண்ணாடித் தூளும் உலோக ஆக்சைடும் கலந்த கரிய வண்ணத்தால் தீட்டி, 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டுப் பதித்தார்கள். எங்கள் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் நிலைக்கு மேலே உள்ள வண்ணக் கண்ணாடிகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் பதித்தவை என்பதால் அங்கே இந்தச் சிக்கலே எழவில்லை. உங்களிடம் சூளை இல்லாவிட்டால், தலைத் துண்டைக் கண்ணின் வழியே செல்லும் ஒரு கோட்டால் இரண்டாகப் பிரியுங்கள். அந்தக் கோட்டின் மேலேயே சால்டரைச் சிறிய முத்தாகத் திரட்டி நிறுத்தினால் அதுவே கண்ணாகிவிடும். கோடு வாயின் ஓரத்திலிருந்து கழுத்து மடிப்பை நோக்கி வளைந்தால், பார்ப்பவருக்கு அது இணைப்பாகத் தோன்றாது. தோலின் மடிப்பாகவே தோன்றும்.

பாம்பன் ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கிளிமீனைச் சோடா நீரில் கழுவியபோது நீர் பச்சையாகக் கலங்கியதை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இப்போது கழுவாமல் யாரும் வீட்டுக்குப் புறப்படுவதில்லை. சால்டர் மேசையைக் கூடத்தின் மறுகோடிக்கு மாற்றியிருக்கிறோம். கருவுற்றிருக்கும் சகோதரி வரைபட வேலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சங்கு செய்யும் இருவருக்கும் அவர்தான் உள்வளைவுகளைக் குறைத்துத் திருத்தி வரைந்து கொடுத்தார். நான்கு துண்டுச் சதுரத்தை நேர்கோட்டிலேயே நின்றிருந்தவர்தான் முதலில் முடித்தார். அவருடைய கோடு ஓரிடத்தில் பருத்திருக்கிறது. அது எந்த வெட்டினால் வந்தது என்று அவரே எனக்குக் காட்டினார். பெரிய வேலைகளுக்கு மட்டும் என் பழைய விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சிமடத்து மாணவி, மீதமிருந்த நீலக் கண்ணாடியைத் தொடாமல், சாதாரண சன்னல் கண்ணாடியில் மூன்று முறை பிறை பிறையாக எடுத்துப் பழகினாள். நான்காவது முறை நீலத்தில் வெட்டினாள்; உடையவில்லை. தலைத் துண்டைப் பிரிக்கும் கோட்டை இன்னும் வரையவில்லை. வாயோரத்திலிருந்து கோடு எவ்வளவு வளையலாம் என்பதைத் தேவகோட்டை நண்பர் ஒரு படமாக வரைந்து இங்கே பதிந்தால், வரும் சனிக்கிழமை வகுப்புக்கு உதவியாக இருக்கும்.