கலைச்சொல் வேணும்: பஸில் பிளாட்ஃபார்மர் (வெள்ளிக்கிழமைக்குள்ள, அவசரம்)

பாலக்கோடு டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பசங்க கையெழுத்துப் பத்திரிகை போடுறாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்குப் போகணும். அதுல ஒன்பதாவது பொண்ணு ஒருத்தி அவ அண்ணனோட சேர்ந்து ஒரு கேம் விமர்சனம் எழுதியிருக்கா. ஃபயர்பாய் அண்ட் வாட்டர்கேர்ள், உங்க வீட்டுப் பசங்களும் ஆடியிருப்பாங்க. நெருப்புப் பையனுக்கு அம்புக்குறி பட்டன், தண்ணிப் பொண்ணுக்கு இந்தப் பக்கம் எழுத்து பட்டன், ஒரே கீபோர்டுல ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு ஆடணும். பையன் தண்ணில கால் வெச்சா அவுட், பொண்ணு நெருப்புல வெச்சா அவுட், பச்சைக் குழம்புல யார் வெச்சாலும் அவுட். விமர்சனம் நல்லா வந்திருக்கு. "எங்கண்ணன் பட்டன் மேல நிக்காம வைரம் பொறுக்கப் போயிடுவான், நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்குவேன்"னு ஒரு வரி, அதுக்கே நான் மார்க் போட்டுட்டேன்.

பிரச்சனை மேல இருக்கிற பெட்டியில. ஆட்ட வகை: கோடு கோடு கோடு. இங்கிலீஷ்ல கோ-ஆப் (சேர்ந்து ஆடுறது) பஸில் (புதிர்) பிளாட்ஃபார்மர்ங்கறாங்க. எட்டாவது பசங்களுக்கும் புரியணும், தமிழாவும் இருக்கணும். சொல்லுங்க.

ஓசூர்:

டீச்சர், முதல்ல பிளாட்ஃபார்ம்னா என்னன்னு பாத்துக்கலாம். ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. 1981ல டாங்கி காங்னு நிண்டெண்டோ ஒண்ணு விட்டான், கட்டடம் கட்டற இடத்து இரும்பு உத்தரம் அடுக்கடுக்கா இருக்கும், ஏணி இருக்கும், குரங்கு மேல இருந்து பீப்பாய் உருட்டும், நம்மாளு குதிச்சுத் தாண்டி மேல ஏறணும். அந்த உத்தரம்தான் பிளாட்ஃபார்ம். 1985ல சூப்பர் மாரியோ வந்ததுக்கப்புறம் ஏறுறது போயி பக்கவாட்டுல ஓடுறது ஆச்சு, ஆனா பேரு ஒட்டிக்கிச்சு. ஜப்பான்காரங்க ஜம்ப் ஆக்‌ஷன்னு வேற பேர் வெச்சிருந்தாங்க. அதாவது இவங்க நிக்கிற இடத்தைப் பிடிச்சாங்க, அவங்க குதிக்கிறதைப் பிடிச்சாங்க. நாம எதைப் பிடிக்கிறோம்னு முடிவு பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சுது. மேடைன்னு மட்டும் வேணாம், மேடைப் புதிர்னா பட்டிமன்றம்னு நினைச்சுக்குவாங்க.

பென்னாகரம் புலவர்:

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு, தகடூரிலிருந்து வணக்கம். புதிர் என்று நீங்கள் திகைக்கவே வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகை சொல்கிறாரே, அதில் பிசி என்பதுதான் பஸில். இரண்டே எழுத்து. அடுத்து பிளாட்ஃபார்ம். தினைப்புனத்தில் கிளி ஓட்டத் தலைவி ஏறி நிற்பாளே, உயரமாகக் கட்டிய அந்த இடத்துக்கு இதணம் என்று பெயர், கழுது என்றும் சொல்வார்கள். தலைவியும் தோழியும் இதணத்தில் சேர்ந்து நின்று காவல் காப்பது குறிஞ்சித் திணை முழுக்க வரும். இரண்டு பேர், உயரமான இடம், சேர்ந்து வேலை. ஆகவே இதணப் பிசி. இதைவிட என்ன வேண்டும்?

பாலக்கோடு டீச்சர்:

> ஆகவே இதணப் பிசி.

ஐயா, மன்னிக்கணும். பசங்ககிட்ட பிசின்னு சொன்னா ஒண்ணு "அப்பா பிசி", இல்லன்னா பிசி கேம், கம்ப்யூட்டர்ல ஆடுறது. ரெண்டாவது அர்த்தம் இங்க பொருந்தித் தொலைக்குது வேற, அதான் ஆபத்து.

அரூர்:

கழுதுன்னா பேய்னும் அர்த்தம் இருக்குங்களே ஐயா, கழுதாட்டம்னு போட்டா பேயாட்டம் ஆயிடும், ஒரு எழுத்து மாறினா கழுதை ஆயிடும் 😄

தேன்கனிக்கோட்டை:

மெயில் இப்பதான் பாத்தன், ராத்திரி பூரா காட்டுல. இதணம் கழுது எல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா, நாங்க பரண்ங்கறோம், இன்னும் அதுல ஏறித்தான் ராகிக்குக் காவல் படுக்கறோம். தளி ஜவளகிரி பக்கமெல்லாம் யானை எறங்கிருச்சுன்னா தகரத்தைத் தட்டிக்கினு பரண்ல இருந்து பரணுக்குக் கூவிக்கினே இருக்கணும். ஒண்ணு சொல்றன், பரண்ல யாரும் குதிக்க மாட்டாங்க. ஏறினா விடியற வரைக்கும் அசையக்கூடாது. குதிக்கிற கேமுக்கு அசையாம ஒக்காந்திருக்கிற எடத்தோட பேரை வெக்கிறது எனக்கு என்னமோ மாதிரி இருக்குது.

பென்னாகரம் புலவர்:

தம்பி, தலைவி ஓரிடத்தில் உட்கார்ந்தே இருக்கவில்லை. தழல், தட்டை, குளிர் எல்லாம் வைத்துக்கொண்டு கிளி ஓட்டினாள். குளிர் என்பது இங்கே ஒரு கருவியின் பெயர், சளி பிடிக்கிற குளிர் அல்ல. இதைப் பற்றி நான் தனியாக எழுதுகிறேன்.

ஓசூர்:

தனியாவே எழுதுங்க ஐயா, ப்ளீஸ்.

அரூர்:

சரி, என் பங்குக்கு. தாவுதளம். ஏவுதளம்னு ஸ்ரீஹரிகோட்டாவுக்கு எல்லா பேப்பர்லயும் போடுறான், யாரும் விளக்கம் கேக்கறதில்ல. அதே அச்சுல தாவுதளம். வினைத்தொகை, அதனால நடுவுல த் போடாதீங்க, தாவுத்தளம்னு எழுதினா எனக்கு ரத்தக்கொதிப்பு வரும். தாவுதளப் புதிர் ஆட்டம். முடிஞ்சுது. டீச்சர் ஜெராக்ஸ் எடுக்கப் போகலாம்.

ஓசூர்:

அண்ணே நல்லாத்தான் இருக்கு, ஆனா டீச்சரோட பெட்டியில அடுத்த வரி என்னன்னு யோசிச்சீங்களா? "எந்தத் தளத்தில் ஆடலாம்: கம்ப்யூட்டர், மொபைல்". இதுவும் தளம் அதுவும் தளமா? இணையதளம், ரெண்டாம் தளம், வீட்டுக்குத் தளம் போடுறது, ஏற்கெனவே அந்தச் சொல்லு மேல ஏகப்பட்ட பாரம். திட்டுன்னு வெக்கலாம்னு பாத்தேன், ஆத்துல மணல் திட்டு இருக்குல்ல, அதுல இருந்து இதுக்குத் தாவுற மாதிரி. ஆனா திட்டாட்டம்னு சொல்லிப் பாருங்க, வீட்ல தினமும் நமக்கு நடக்கிறது அதுதான்.

காவேரிப்பட்டணம்:

குதிக்கிறதை விடுங்கப்பா, அந்தக் கோ-ஆப்? கூட்டுறவுதானே நேரான தமிழ். கூட்டுறவு ஆட்டம்.

பாலக்கோடு டீச்சர்:

சார், அதைத்தான் முதல்ல கரும்பலகையில எழுதினேன். பின் பெஞ்சுல ஒருத்தன் "மிஸ், எங்கம்மா நகை வெச்சது அங்கதான்"னு சொன்னான். வகுப்பு அன்னிக்கு அதோட போச்சு.

அரூர்:

ரெண்டு பேரும் சமம்னா இணை. இணையாட்டம்.

ஓசூர்:

இணைய ஆட்டம்னு படிப்பாங்க. ஆன்லைன் கேம்னு.

பென்னாகரம் புலவர்:

படிக்கவே முடியாது. இணை ஐகாரத்தில் முடிகிறது, இ ஈ ஐ வழி யகர உடம்படுமெய், ஆக இணையாட்டம். இணையம் என்றால் மகரம் கெட்டு அகரத்தில் நிற்கும், அங்கே வகரம்தான் வரும், மரவடி போல இணையவாட்டம். நன்னூல் தெளிவாக வேலி போட்டிருக்கிறது. வேலி தாண்டிப் படிக்கிறவர் மேல் நாம் பழி சுமக்க முடியாது.

ஓசூர்:

ஐயா, இணையவாட்டம்னு இந்த உலகத்துல யாராவது எழுதி நீங்க பாத்திருக்கீங்களா? எல்லாரும் இணைய ஆட்டம்னு பிரிச்சுத்தான் எழுதுறாங்க. வேகமாப் படிக்கிற பையன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒன்பதாவது பையன் நன்னூல கையில வெச்சுக்கிட்டா கேம் விமர்சனம் படிப்பான்?

பென்னாகரம் புலவர்:

அப்படி நினைத்து நினைத்துத்தான் பஸ் என்றும் கேம் என்றும் ஜெராக்ஸ் என்றும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

காவேரிப்பட்டணம்:

ஜோடின்னு போட்டா என்ன தப்பு? ஜோடி ஆட்டம். மாடு வாங்கினாலும் ஜோடின்னுதான் கேக்கறோம்.

பென்னாகரம் புலவர்:

ஜகரம் தமிழில்லை. சோடி என்று எழுதினாலும் மூலம் மாறாது.

ஓசூர்:

எங்க தெருவுல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசுறாங்க, மூணுலயும் ஜோடிதான், சண்டை இல்லாம ஓடுது. தூய்மைன்னு ஆரம்பிச்சா ஒகேனக்கல்லே ஹொகே கல்லு, புகையுற கல்லுன்னு கன்னடம், அதை என்ன பண்றது? நீங்க தருமபுரியைத் தகடூர்னு எழுதுறது எனக்கும் பிடிக்கும், ஆனா கவர் மேல தகடூர்னு எழுதிப் போட்டா உங்க வீட்டுக்கு வருமா? எனக்கு ஜோடி வேணாங்கறது வேற காரணத்துக்கு. ஜோடி ஆட்டம்னா டிவியில ஆடுற டான்ஸு. அண்ணன் தங்கச்சி எழுதின விமர்சனத்துல அது வேணாம்.

இன்னொண்ணு, முக்கியமானது, இதை யாரும் பிரிச்சுப் பாக்கல. ஆடுறவங்க ரெண்டு பேரா, ஆட்டத்துக்குள்ள இருக்கிற ஆளுங்க ரெண்டு பேரா? 2013ல பிரதர்ஸ்னு ஒரு கேம் வந்தது, அண்ணன் தம்பி கதை. ஆடுறவன் ஒருத்தன்தான். கண்ட்ரோலர்ல இடது குச்சி அண்ணனுக்கு, வலது குச்சி தம்பிக்கு. ஒரே மூளைல ரெண்டு பேரை நடத்தணும், திரையில ரெண்டு பேரும் இடம் மாறி நின்னுட்டாங்கன்னா நமக்குக் கை குழம்பிடும். அதே இயக்குநர் யோசஃப் ஃபாரஸ் 2021ல இட் டேக்ஸ் டூ எடுத்தார், அது நேர் எதிர், ரெண்டு மனுசங்க இல்லாம ஆரம்பிக்கவே முடியாது, அந்த வருசத்தோட சிறந்த கேம் விருதும் அதுக்குத்தான் போச்சு. ரெண்டையும் இருவர் ஆட்டம்னு ஒரே டப்பாவுல போட்டா வாங்குறவன் ஏமாந்து போவான். பாலக்கோட்டுப் பொண்ணோட கேம் ரெண்டும் கெட்டான், தனியாவும் ஆடலாம், இடது கை ஒருத்தருக்கு வலது கை ஒருத்தருக்குன்னு வெச்சுக்கிட்டு. அவ அண்ணன் டியூஷன் போயிட்டா அப்படித்தான் ஆடுவாளாம், டீச்சர் அனுப்பின பக்கத்துல இருக்கு.

அரூர்:

இது நல்ல பாயிண்டு. துணையாட்டம்னு சொல்லலாம்னு இருந்தேன், விட்டுட்டேன். துணைன்னா ஒருத்தர் முக்கியம், இன்னொருத்தர் கூட வர்றவர்னு ஆயிடுது. இங்க பட்டன் மேல நிக்கிறவனும் கேட்டைத் தாண்டுறவளும் ஒரே எடைதான்.

தளத்தைத் தூக்கிட்டு இன்னொண்ணு சொல்றேன். தாவுபுதிர்.

பென்னாகரம் புலவர்:

தாவிய புதிர், தாவுகின்ற புதிர், தாவும் புதிர் என்று மூன்று காலத்துக்கும் விரியும். புதிரா தாவுகிறது?

அரூர்:

குடிநீர்ல நீரா குடிக்குது? உண்கலத்துல கலமா உண்ணுது? 🙂

பென்னாகரம் புலவர்:

உண்கலம் நல்ல எடுத்துக்காட்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைச்சொல் எது என்று பாருங்கள். தமிழில் கடைசியில் நிற்பதுதான் தலை. தாவுபுதிர் என்றால் அது புதிர் வகை. ஓசூர்த் தம்பி சொன்னபடி இது தாவும் ஆட்டங்களில் ஒரு வகை. அப்படியானால் புதிர்த்தாவல் என்றல்லவா வர வேண்டும்?

தேன்கனிக்கோட்டை:

தாவல்னா சரி. யாரோ தனி மெயில்ல தாவாட்டம்னு அனுப்பியிருந்தாங்க, அது வேணாங்க. தாவான்னா கோர்ட்டுல போடுற தாவாதான் எங்களுக்குத் தெரியும், வரப்புத் தாவா எங்க தாத்தா காலத்துல போட்டது இன்னும் நடக்குது.

ஓசூர்:

தலைச்சொல் வாதம் சரிதான் ஐயா, ஆனா இந்த கேம்ல நெஞ்சைத் தொட்டுச் சொன்னா குதிக்கிறது சுலபம், யோசிக்கிறதுதான் கஷ்டம். பெட்டியை யார் தள்ளுறது, லீவரை யார் இழுக்கிறது, யார் முதல்ல போனா யார் மாட்டிக்குவாங்க, அதுதான் ஆட்டமே. புதிர் தலையா நிக்கட்டும். தாவுபுதிருக்கு என் ஓட்டு.

காவேரிப்பட்டணம்:

எனக்கும் சரி. தூக்கம் வருது.

தேன்கனிக்கோட்டை:

சரிங்க.

பென்னாகரம் புலவர்:

பெரும்பான்மைக்கு நான் தடையில்லை. ஆனால் தாவு என்பது குரங்குக்கு உரிய வினை. மனிதப் பாத்திரத்துக்கு எகிறுதல், குதித்தல், உகளுதல் என்று எத்தனை இருக்கின்றன. உகளுதல் சங்கச் சொல், வரையாட்டுக் குட்டி உகளும், கயல் உகளும்.

அரூர்:

கயல்னா மீன், வரையாடுன்னா ஆடு. மனுசன் எங்க உகளினான்?

பாலக்கோடு டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பெட்டியில "தாவுபுதிர்"னு எழுதியாச்சு. கோ-ஆப்புக்கு ஒண்ணும் ஒத்துவரல, அதனால பேர் வெக்காம கீழ "ரெண்டு பேர் சேர்ந்தாதான் கதவு திறக்கும், தனியா ஆடினா ரெண்டு கையும் வேணும்"னு ஒரு வரி போட்டுட்டோம். தளம்ங்கற வரிக்கு "எதில் ஆடலாம்"னு மாத்திட்டேன். அந்தப் பொண்ணுகிட்ட தாவுபுதிர் எப்படின்னு கேட்டேன், பரவால்ல மிஸ்ன்னா. அவ அண்ணனுக்குப் பிடிக்கல, அவன் இணையாட்டம்னு ஐயா பக்கம் நிக்கிறான்.

பென்னாகரம் புலவர்:

அந்தப் பையனின் பெயரையும் முகவரியையும் அனுப்பி வையுங்கள், நன்னூல் ஒரு பிரதி அனுப்புகிறேன். இணையாட்டத்தைத் தள்ளியதற்கு என் மறுப்பு நிலுவையில் இருக்கிறது என்பதைப் பதிவு செய்துகொள்ளவும். குளிர், தழல், தட்டை பற்றிய கட்டுரை அடுத்த வாரம் வரும்.

ஓசூர்:

டீச்சர், பக்கத்துல லெவலுக்கு "நிலை"ன்னு போட்டிருக்கீங்க. அது "கட்டம்" இல்லையா?