ஆர்கெஸ்ட்ராவுக்கு பேஸ் கிட்டார் ஸ்ட்ரிங்: ரவுண்டா ஃப்ளாட்டா?

பாலக்கோடு_பேஸ்:
வணக்கம் மக்களே. தர்மபுரி பக்கம் லோக்கல் ஆர்கெஸ்ட்ரால பேஸ் வாசிக்கறேன், பெரும்பாலும் மாரியம்மன் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், ஞாயித்துக்கிழமை சர்ச். நாலு ஸ்ட்ரிங் பேஸ், செகண்ட் ஹாண்ட், பேட்டரி போடற மாடல் இல்ல. வாங்கறப்ப இருந்த ஸ்ட்ரிங்கே இன்னும் ஓடுது, இப்ப ஈ ஸ்ட்ரிங் செத்துப்போச்சு, அடிச்சா டொப்புனு ஒரு சத்தம் அவ்ளோதான். ஓப்பனா ட்யூனர்ல கரெக்டா காட்டுது, பன்னெண்டாவது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற உலோகக் கோடு) புடிச்சா ஷார்ப்பா, அதாவது சுருதி ஏறி போகுது. இங்க கடையில கேட்டா சாதா கிட்டார் ஸ்ட்ரிங் தான் இருக்கு, பேஸுக்கு ஆர்டர் போட்டா தான் வரும்ங்கறாங்க. ஆன்லைன்ல பாத்தா ரவுண்ட், ஃப்ளாட், நிக்கல், ஸ்டெயின்லெஸ், 40-95, 45-105னு தலை சுத்துது. நாங்க வாசிக்கறது பாதிக்கு மேல 80கள் ராஜா பாட்டு, அந்த உருண்டையான சவுண்டுக்கு ஃப்ளாட் தான் போடணும்னு எங்க கீபோர்டு அண்ணன் சொல்றாரு. என்ன வாங்கலாம்?

தேன்கனிக்கோட்டை_4கம்பி:
உங்க கீபோர்டு அண்ணன் சொல்றது சரி தான் ப்ரோ. ரவுண்ட்ல மேல சுத்தியிருக்கற கம்பி உருண்டையா இருக்கும், ஃப்ளாட்ல அது பட்டையா ரிப்பன் மாதிரி இருக்கும், விரல் நகர்த்தறப்ப கீச்சு சத்தம் அவ்ளோவா வராது, ஃப்ரெட்டும் அதிகம் தேயாது. அமெரிக்காவுல மோடவுன் ரெக்கார்டு கம்பெனி பாட்டுக்கெல்லாம் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷன் பேஸ்ல லா பெல்லா ஃப்ளாட் தான் போட்டிருந்தாரு, 52-110 (மெல்லிசு ஸ்ட்ரிங்ல இருந்து தடிச்ச ஸ்ட்ரிங் வரைக்கும் கனம், இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்கு), அறுந்தா ஒழிய மாத்தவே மாட்டாராம். ஒரு தடவ காசு போட்டா வருஷக்கணக்கா ஓடும், நான் சர்ச்சுக்கு அது தான் வெச்சிருக்கேன்.

பென்னாகரம்_பீட்ஸ்:
காசு எதுக்கு செலவு பண்றீங்க, பழைய ஸ்ட்ரிங்க கழட்டி கொதிக்கற தண்ணில பத்து நிமிஷம் போட்டு தொடச்சு மாட்டுங்க, புதுசு மாதிரி கணீர்னு பேசும்.

மைக்செட்_காவேரிப்பட்டணம்:
கொதிக்க வெச்சா அழுக்கும் எண்ணெயும் போறது வாஸ்தவம் தான், ஆனா அந்த கணீர் சீக்கிரமே போயிரும், சுத்துக்குள்ள தண்ணி நின்னா துரு வேற. தம்பிக்கு பன்னெண்டாவது ஃப்ரெட்டே தப்பா போகுது, கம்பி தேஞ்சு ஃப்ரெட் படற எடத்துல பள்ளம் விழுந்திருக்கும், வேக வெச்சா பள்ளம் நெரம்புமா? மாத்த வேண்டியது தான்.

நான் வாசிக்கறவன் இல்ல, சவுண்ட் போடறவன், திருவிழா சீசன்ல ராத்திரி பூரா மிக்ஸர்கிட்ட தான் ஒக்காந்திருப்பேன், அந்த பக்கத்துல இருந்து சொல்றேன் கேட்டுக்க. ஈ ஸ்ட்ரிங் ஓப்பன் நோட் 41 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் திருவிழாவுக்கு வர்ற ஸ்பீக்கர் பெட்டில பாதி அந்த 41ஐ ஒழுங்கா தள்ளவே தள்ளாது, அதுவும் வெட்டவெளி, சுவர் இல்ல, கீழ் சவுண்டு அப்படியே காத்துல போயிரும். சனத்துக்கு கேக்கறது அதுக்கு மேல இருக்கற 82, 123, இன்னும் மேல வர்ற நரநரப்பு, அதை வெச்சு தான் காது பேஸ் லைன புடிக்குது. ஃப்ளாட்ல அந்த மேல் சவுண்டு கம்மி. ரூம்ல வாசிச்சா தேன் மாதிரி இருக்கும், மைதானத்துல பேங்கோஸும் பேடும் சேந்து அடிச்சா பேஸ் எங்கடானு தேடணும். சர்ச் ஹால் வேற கதை, அங்க ஏற்கனவே எதிரொலி, ஃப்ளாட் அழகா உக்காரும், அதனால மேல சொன்னவர் அனுபவமும் தப்பில்ல.

உனக்கு ரெண்டும் இருக்கு, ஆனா ரெண்டு பேஸ் இல்ல. அதனால ரவுண்ட் வாங்கு. ரவுண்ட்ல அதிகமா இருக்கறத டோன் நாப்ப திருப்பி குறைச்சுக்கலாம், ஃப்ளாட்ல இல்லாதத எங்க இருந்து கொண்டாறது? ராஜா பாட்டு வர்றப்ப பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்க மாட்டற கீழ் முனை) ஓரமா ஸ்ட்ரிங்குக்கு அடில ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சொருகி, கட்டைவிரல்ல அடி, முக்கால்வாசி அந்த உருண்டை சவுண்டு வந்துரும்.

ஓசூர்_லோ_எண்ட்:
அண்ணன் சொன்னது கரெக்ட். ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், ஃப்ளாட்னாலே மந்தம்னு இல்ல, அயர்ன் மெய்டன் மெட்டல் பேண்டோட ஸ்டீவ் ஹாரிஸ் வாசிக்கறது ரோட்டோசவுண்ட் ஃப்ளாட் தான், அந்த கடகட சவுண்டு விரல்ல இருந்து வருது.

மெட்டீரியல்ல குழம்ப வேண்டாம், நிக்கல் ப்ளேட்டட் வாங்குங்க. ஸ்டெயின்லெஸ் இன்னும் பளிச்சுனு இருக்கும், ஆனா ஃப்ரெட்ட சீக்கிரம் தின்னும், பழைய பேஸுக்கு எதுக்கு. உங்க பாடகர் மேடைல வந்து சுருதிய ஒரு கட்டை இறக்குங்கனு சொல்றவரா? அப்படினா 40-95 வேண்டாம், ஈய டீக்கு இறக்குனா தொளதொளனு ஆயிரும், 45-105 தாங்கும். டடாரியோல ஈஎக்ஸ்எல்165 அந்த அளவு, ஈஎக்ஸ்எல்170 45-100. எர்னி பால்ல ஹைப்ரிட் ஸ்லிங்கி 45-105, ரெகுலர்னு பேர் போட்டது 50-105, பேர பாத்து ஏமாந்துராதீங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி டேப் எடுத்து நட்ல (கழுத்து மேல் முனைல ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளக் கட்டை) இருந்து பன்னெண்டாவது ஃப்ரெட் வரைக்கும் அளங்க. 17 இன்ச் வந்தா ஸ்கேல், அதாவது நட்ல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் நீளம், 34, லாங் ஸ்கேல் செட். 15 வந்தா ஷார்ட் ஸ்கேல், அதுக்கு தனி செட். செகண்ட் ஹாண்ட்னு சொன்னதால தான் கேக்கறேன். அப்புறம் ரொம்ப மலிவா கிடைக்கற பாக்கெட் பக்கம் போகாதீங்க, டூப்ளிகேட் நிறைய சுத்துது. டடாரியோ பாக்கெட்டுக்குள்ள ஒரு கோட் நம்பர் இருக்கும், அவங்க சைட்ல போட்டா ஒரிஜினலானு தெரிஞ்சுரும். பெங்களூர் வர்ற வேல இருந்தா கடையிலயே பாத்து வாங்கிடலாம், தர்மபுரில இருந்து ட்ரெயினே இருக்கே, கிருஷ்ணகிரி டவுன்காரங்களுக்கு தான் அந்த கொடுப்பினை இல்ல.

பாலக்கோடு_பேஸ்:
அளந்தேன், 17 இன்ச். எங்க பாடகர் ஒரு கட்டை இல்ல, மூடு இருந்தா ஒன்றரை கட்டை இறக்குவாரு 😀 அதனால 165 ஆர்டர் போட்டாச்சு. ஸ்ட்ரிங் நீளமா வரும்ங்கறாங்க, எவ்ளோ விட்டு வெட்டறது?

ஓசூர்_லோ_எண்ட்:
ட்யூன் பண்ண திருகற கீ நடுவுல ஓட்டை இருக்கற மாடலா இருந்தா, ஸ்ட்ரிங்க பிரிட்ஜ்ல மாட்டி நேரா இழுத்து, அந்த கீய தாண்டி நாலஞ்சு இன்ச் விட்டு வெட்டணும். வெட்டறதுக்கு முன்னாடி அந்த எடத்துல பிளையர்ல நல்லா மடக்கிருங்க, மடக்காம வெட்டுனா மேல் சுத்து லூஸ் ஆகி அந்த ஸ்ட்ரிங்கே செத்துரலாம். நுனிய ஓட்டைக்குள்ள விட்டு ரெண்டு மூணு சுத்து, மேல இருந்து கீழ இறங்கற மாதிரி. ஒவ்வொண்ணா கழட்டி ஒவ்வொண்ணா மாட்டுங்க. மாட்டுன அன்னிக்கே புரோகிராம் வெச்சுக்காதீங்க, இழுத்து ட்யூன் நிக்கறதுக்கு ஒரு ராத்திரி விடுங்க. பழைய செட்ட விட இது கனமா இருந்தா கழுத்து லேசா வளையும், ஸ்ட்ரிங் ஃப்ரெட்ட விட்டு உயரமா தெரிஞ்சா ட்ரஸ் ராட் (கழுத்துக்குள்ள இருக்கற, வளைவ சரி பண்ற கம்பி) கால் சுத்து டைட் பண்ணி பாருங்க, அதுக்கு மேல வேணும்னா தெரிஞ்சவர்கிட்ட குடுத்துருங்க.

மைக்செட்_காவேரிப்பட்டணம்:
வாசிச்சு முடிச்சதும் ஒரு காட்டன் துணில தொடச்சு வை தம்பி, சித்திரை வெயில்ல மேடைல வடியற வேர்வைக்கு புது ஸ்ட்ரிங்கும் சீக்கிரம் போயிரும். கழட்டுன பழசுல ஏ, டி, ஜி மூணையும் பையில போட்டு வை, புதுசு அறுந்தா அவசரத்துக்கு எங்கயும் வாங்க முடியாது.