நம் விவரம் அடுத்தவன் கைக்குப் போன அனுபவம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கரிசல்காடு:
அப்பா இறந்த பிறகும் அவருடைய ஃபேஸ்புக் கணக்கை நாங்கள் மூடவில்லை. படங்கள் இருக்கட்டும் என்று விட்டிருந்தோம். ஒருநாள் ராத்திரி சித்தப்பா கூப்பிட்டார், குரலே சரியில்லை. அப்பா படத்தோடு அவருக்கு நட்பு அழைப்பு வந்திருக்கிறது. "அண்ணன் முகத்தப் பாத்ததும் கை தானா அமுக்கிருச்சுடா" என்றார். பிறகு மெசஞ்சரில் வந்ததை வாசித்தார்: "அவசரமா இருபதாயிரம் வேணும், காலைல போட்டு விட்டுறேன்." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எங்கண்ணன் உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தர்கிட்ட கை நீட்டுனதில்லடா" என்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அப்பாவின் கணக்குக்குள் யாரும் நுழையவில்லை. அவர் படத்தை எடுத்துப் புதுக் கணக்குத் தொடங்கி, எல்லாருக்கும் தெரியும்படி இருந்த நண்பர் பட்டியலைப் பார்த்துச் சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக அனுப்பியிருக்கிறார்கள். பட்டியல் மறைந்திருந்தால் சித்தப்பா யாரென்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இறப்புச் சான்றிதழ் கொடுத்து அப்பா கணக்கை நினைவுக் கணக்காக மாற்றக் கேட்டிருக்கிறோம்.

வைகைக்கரை:
லோன் ஆப். வாங்கியது நான் இல்லை, கூட வேலை பார்க்கும் பெண். பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸாப்பில் ஒரு படம். திறந்தால் அவள் முகம், யாருடையதோ உடம்பு. கீழே "இவளைப் பணம் கட்டச் சொல்". பக்கத்தில் நின்றவர் என் திரையைப் பார்த்துவிட்டார். சட்டென்று போனைக் கவிழ்த்தேன். அதற்குள் அவர் பார்வையே மாறிவிட்டது.

அவள் போனில் பதிந்திருந்த எல்லாருக்கும் அது போயிருக்கிறது, மாமனாருக்கும் சேர்த்து. ஆப்பை இறக்கியபோது தொடர்புகளைப் பார்க்க அனுமதி கொடுத்ததுதான் வழி. கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியல், படங்கள், அழைப்புப் பதிவு எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதி போட்டது. இந்தக் கும்பல்கள் அந்த விதிக்குள் வருவதே இல்லை. என் எண்ணை அவர்களுக்குக் கொடுக்க நான் எங்கே சம்மதித்தேன்? அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆலமரத்தடி:
கரிசல்காடு, பட்டியலை மறைத்தால் மட்டும் போதாது. படமே போடக்கூடாது, முக்கியமாகப் பெண்கள். எனக்கு நடந்தது சின்னது: நண்பன் எண்ணிலிருந்து "என் ஆறு இலக்கக் குறியீடு தவறி உனக்கு வந்துவிட்டது, அனுப்பு" என்று செய்தி. அவனையே போனில் கூப்பிட்டேன். அவன் வாட்ஸாப் காலையிலேயே பறிபோயிருந்தது. அந்தக் குறியீட்டைக் கொடுத்திருந்தால் என்னுடையதும் போயிருக்கும்.

எல்லாரும் உடனே வாட்ஸாப்பில் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். அதில் நீங்களே வைக்கும் ஆறு இலக்கப் பின் இல்லாமல் ஓடிபி மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உடனே உள்ளே வர முடியாது. இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் நிற்கிறதா பாருங்கள். குரூப்பில் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற பிரதியை அனுப்புங்கள். போட்டோவை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகக்கூடும். பிள்ளைகளைப் பள்ளிச் சீருடையில் எடுத்த படம் போடாதீர்கள், பள்ளி பெயர் சட்டையிலேயே இருக்கிறது. பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு நிற்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

மாடிவீட்டு மல்லி:
ஆலமரத்தடி அண்ணா, பெண்கள் படம் போடக்கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் படம் எங்குமே கிடையாது, டிபியில் செம்பருத்திப் பூதான். எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் லாரிக்காக ஒரு குரூப், பெயரோடு ஃபிளாட் நம்பரும் போடச் சொன்னார்கள். ராத்திரி 11 மணிக்கு ஒரு எண்ணிலிருந்து: "உங்க பால்கனில ரெண்டு நாளா லைட் எரியலையே, சார் ஊர்ல இல்லையா?" எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்த்தேன். அப்புறமும் தூக்கம் வரவில்லை.

செயலாளர் "பிளாக் பண்ணிருங்கம்மா" என்றார். பிளாக் செய்தால் செய்தி நிற்கும், என் வீடு எதுவென்று அவனுக்குத் தெரிந்தது தெரிந்ததுதானே? சண்டை போட்டு இப்போது கம்யூனிட்டி அறிவிப்பாக மாற்றவைத்திருக்கிறேன். அதில் அட்மினையும் நம் எண்ணை ஏற்கெனவே வைத்திருப்பவர்களையும் தவிர மற்றவர்களுக்கு எண் தெரியாது. குடியிருப்புக் குரூப் நடத்துகிறவர்களுக்குச் சொல்லுங்கள் அண்ணா இந்த அறிவுரையை.

தேரடி வீதி:
எங்கள் மாமாவிடம் ஓடிபி கேட்கவே இல்லை. கூரியர் ஆள் என்று பேசி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஒரு எண்ணை அழுத்தச் சொல்லியிருக்கிறான். அவருக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குத் திரும்பிவிட்டது. வாட்ஸாப் குறியீட்டையும் அழைப்பில் சொல்லும்படி வரவைக்க, அந்த அழைப்பும் அவனுக்கே போய்விட்டது. அத்தை மாமாவைக் கூப்பிட, வேறு எவனோ "சொல்லுங்க" என்றிருக்கிறான். அத்தை பயந்து அழுதுவிட்டார்.

##002# அழுத்தியதும் திருப்பம் நின்றது. ஓடிபி வாங்கிப் போட்டதில் அவனும் வெளியே போய்விட்டான். ஆனால் உள்ளே இருந்தபோது தன் பின்னைப் போட்டு வைத்துவிட்டதால் மாமா 7 நாள் காத்திருந்தால்தான் நுழைய முடியும். அவன் ஏற்கெனவே யார் யாரிடம் பணம் கேட்டிருக்கிறான் என்று தெரியாததால், ஊர்க் குரூப்பில் இருப்பவர்களுக்கு நானும் மாமா மகனும் ஒவ்வொருவராகப் போன் செய்து சொல்லிக்கொண்டிருக்கிறோம்.