கூடுகளைக் குறிப்பெடுக்கும்போது கண்டவை: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சிவகங்கை மாவட்டத்து உறுப்பினர்:

எங்கள் பகுதியில் பறவை பார்ப்பவர்கள் சிலர் சேர்ந்து, கண்மாய்க் கரைகளிலும் கிணற்று மேடுகளிலும் நிற்கும் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பருவந்தோறும் குறித்து வருகிறோம். மரத்தில் தொங்கும் கூடுகளை எண்ணி எழுதினால் வேலை முடிந்தது என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து அங்கே எத்தனை குஞ்சுக் குடும்பங்கள் வளர்ந்தன என்று சொல்லிவிட முடியாது. ஆண் குருவி நெல் இலைகளையும் புல்லையும் பனையோலையையும் நாராகக் கிழித்து வந்து, முதலில் ஒரு வளையத்தையும் பிறகு தலைக்கவசம் போன்ற பாதிக் கூட்டையும் பின்னுகிறது. அந்த நிலையில்தான் பெண் குருவி வந்து பார்க்கிறது. அதற்குப் பிடித்தால் முட்டையறையும் கீழ்நோக்கி நீளும் நுழைகுழாயும் உருவாகும். பிடிக்காவிட்டால் கூடு பாதியிலேயே நின்றுவிடும். ஒரு பெண் அடைகாக்கத் தொடங்கிய பிறகு அதே ஆண் அடுத்த கூட்டைக் கட்டி இன்னொரு பெண்ணை வரவேற்பதும் உண்டு என்பதை, மும்பைக்கு அருகே கிஹிமில் இவற்றைக் கூர்ந்து கவனித்த பறவையியலாளர் சாலிம் அலி 1931இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆகவே வளையம், பாதிக் கூடு, முழுக் கூடு, தாய் இரை கொண்டுவரும் கூடு என்று நாங்கள் தனித்தனியாகவே எழுதுகிறோம். கைவிடப்பட்ட கூட்டையும் விடாமல் எழுதுவதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரு மரத்தில் பாதிக் கூடுகளே மிகுந்திருந்தால், நார் கிழிக்கப் பச்சை குறைந்ததா, மழை தவறியதா, ஆள் நடமாட்டம் கூடியதா என்று அடுத்த கேள்வியைக் கேட்க அந்தக் குறிப்புதான் இடம் தருகிறது.

பருவம் முடிந்ததும் ஊர்ச் சாவடியில் கூடிக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்படி ஒரு கூட்டத்துக்கு வயது முதிர்ந்த பனையேறி ஒருவரை அழைத்திருந்தோம். கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கமாகவே தொங்குவதை எங்கள் படங்களில் காட்டினோம். “மேகாத்து அடிக்கிற பக்கம் கட்டுனா நிக்குமா தம்பி?” என்று அவர் கேட்டார். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மறைவான பக்கத்தைக் குருவிகள் தேர்ந்தெடுப்பதாக ஆய்வாளர்கள் எழுதியிருப்பதை, அவர் மரத்தின் மேலிருந்தே பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார். பழைய கூடுகளில் வெண்தொண்டைச் சில்லைகள் முட்டையிடுவதையும் அவரே சொன்னார். காய்ந்த கூடுதானே என்று அழகுக்காக வெட்டிக்கொண்டு போவோரிடம் இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நாங்குநேரி வட்டத்து உறுப்பினர்:

சிவகங்கை நண்பர் எழுதியது எங்கள் கூந்தன்குளத்துக்கும் பொருந்தும். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த இக்குளத்துப் பறவைகள் கரையோடு நின்றுவிடுவதில்லை; மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. வெளியூரிலிருந்து கணக்கெடுக்க வருபவர்கள் ஒரு நாளின் நிலவரத்தைத்தான் பார்க்கிறார்கள். எந்த மரத்தில் முதலில் குச்சி சேர்ந்தது, எந்தக் கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தது, எந்த ஆண்டு குளம் நிரம்பாமல் பறவைகள் குறைந்தன என்பதெல்லாம் அந்த மரத்தடியில் நாளும் கோலம் போடும் பெண்களுக்குத் தெரியும். விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பதும், எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அடிப்பதும் இவ்வூரில் நெடுநாளைய பழக்கம். அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதும் ஒரு பக்கமும் கூட்டுக் குறிப்பில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இராமநாதபுரம் மாவட்டத்து உறுப்பினர்:

தரையில் கூடு வைக்கும் பறவைகளைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். சிவப்புமூக்கு ஆள்காட்டி வெட்டவெளியில் சிறு பள்ளத்தில் பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்ணோடு மண்ணாகத் தெரியும் அவற்றை நாம் காண்பதற்கு முன்பே தாயும் தந்தையும் நம்மைக் கண்டு கத்தத் தொடங்கிவிடும். கடும் வெயிலில் அவை வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து முட்டைகளின் மேல் அமர்வதை இங்கே பார்த்திருக்கிறோம். நாம் அருகே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. கத்தலைக் கேட்டுக் காகமும் நாயும் வந்து சேர்கின்றன. அதனால் பறவை எழுந்துவிட்டால் குறிப்பை அரைகுறையாக விட்டாவது திரும்பிவிடுவது என்பதை எங்கள் குழுவின் விதியாக வைத்திருக்கிறோம். குஞ்சுகள் கூட்டைவிட்டு அகலும்வரை இடத்தின் பெயரையோ படத்தையோ எவருக்கும் அனுப்புவதில்லை. அப்பக்கம் ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் மட்டும் முன்பே சொல்லி வைக்கிறோம். கிடையை அவர்கள் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.