ஒரே மலை, ஒரே உரம்: கொழுந்துக்கு மட்டும் ஏன் இரண்டு விலை?

ஊவாக்காரன்:
இலங்கை ஊவாவில், பண்டாரவளைப் பக்கம் முக்கால் ஏக்கர் தேயிலை. பெக்டரிக்கு ஏற்றிப்போகும் லொறிக்குத்தான் கொழுந்து போடுகிறோம். பக்கத்துத் துண்டுக்காரருக்குக் கிடைப்பதை விடக் கிலோவுக்கு 20, 25 ரூபா எங்களுக்குக் குறைகிறது. இலையில் இருக்கும் தண்ணிக்கு, சாக்கு நிறைக்கு என்று கழிப்பது வேறு. கேட்டால் "உங்கட கொழுந்து ரெண்டாந்தரம்" என்கிறார்கள். செடியும் ஒரே சாதி, உரமும் ஒன்று. விலை எங்கே விழுகிறது?

மடுவம்:
லொறிக்காரர் சொல்லை விடுங்கள் தம்பி, நீங்களே பிரித்துப் பாருங்கள். சாக்கில் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கைப்பிடி எடுத்துக் கலந்து 100 கிராம் நிறுங்கள். மொட்டோடு இரண்டு இலை, மொட்டோடு இளசான மூன்று இலை, கிள்ளினால் சட்டென்று ஒடிகிற தனி இலை எல்லாம் ஒரு குவியல். முற்றல், காம்பு, கசங்கிச் சிவந்தது மறு குவியல். முதல் குவியல் 60 கிராமுக்குக் கீழே போனால் குறை சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைச் சபை கேட்பதும் அந்த 60 சதவீதம்தான்.

பெரும்பாலும் கொழுந்து எடுக்கும் சுற்று தள்ளிப்போவதுதான் காரணம். ஏழெட்டு நாளில் எடுக்க வேண்டியதைப் பன்னிரண்டு நாள் விட்டால் தராசில் நிறை கூடும், மூன்றாம் இலையில் நார் ஏறிவிடும். நார் ஏறிய இலை உருட்டும்போது முறுக்காது, செதில் செதிலாகப் பிய்யும். சலித்தால் பீஓபீ, பீஓபீஎப் என்ற நல்ல தூள் வகைகள் குறைந்து நாரும் கழிவுத் தூளும் மிஞ்சும்.

லொறிப்பாதை:
எல்லாப் பிழையையும் பறிக்கிறவர் தலையில் போடாதீர்கள். பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, அதனால் சூடு ஏறுகிறது. 25 கிலோவை ஒரே சாக்கில் காலால் அமுக்கி வெயிலில் வைத்தால் நடுவில் கை வைக்க முடியாது. உருட்டிய பிறகு நடக்க வேண்டிய நிறமாற்றம் சாக்குக்குள்ளேயே தொடங்கிவிடும். அப்படிச் சிவந்த இலையை எந்த பெக்டரியும் திருத்த முடியாது. வலைப் பையில் 10, 12 கிலோவுக்கு மேல் போடாதீர்கள். நிழலில், தரையில் படாமல் வையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. "ரெண்டாந்தரம்" என்று ஒருமுறை பெயர் விழுந்த இடத்துக்கு லொறி கடைசியாகத்தான் திரும்பும். பதினொரு மணிக்கு மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) வந்த கொழுந்து நாலு மணி வரை ரோட்டோரம் கிடக்கும். பெக்டரியில் அவிழ்த்தால் சிவப்பு. பெயர் இன்னும் கெட்டியாகிவிடும். நல்ல கொழுந்து போட்டாலும் பெயர் மாற மாதக் கணக்காகும். லொறி வரும் நேரத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பேசப் போகும்போது அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

கணக்குப்பிள்ளை:
விலைக் கணக்கையும் பார்ப்போம். பெக்டரியின் தூளுக்கு ஏலத்தில் கிடைக்கும் நிகர சராசரி விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பெக்டரிக்கு. 100 கிலோ கொழுந்துக்கு 21.5 கிலோ தூள் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். உதாரணமாகக் கிலோ தூளுக்குச் சராசரி 1,200 ரூபா என்றால் 1,200 × 0.215 × 0.68, கிட்டத்தட்ட 175 ரூபா. அதே பெக்டரியின் தூள் 1,050க்கு இறங்கினால் உங்கள் கிலோ 153க்கு வரும்.

கொழும்பு ஏலம் 1883இல் இருந்து நடக்கிறது. அங்கே வாங்குகிறவர் சுவைத்துப் பார்த்துத்தான் கேட்பார், ஆனால் மார்க்கின் (பெக்டரி தன் தூளை விற்கும் பெயர்) மதிப்பும் மனதில் இருக்கும். தொடர்ந்து மந்தமான தூள் வந்த மார்க்குக்கு அடுத்த வாரம் நல்ல தூள் வந்தாலும் கை உடனே உயராது. மலை உயரத்தை நம்பியும் இருக்க முடியாது. தாழ்நிலத் தேயிலை நம்மை விடக் கூட விலை போவதே வழக்கமாகிவிட்டது.

தண்ணிக் கழிவுக்கு: ஈரக் கொழுந்தில் ஒரு கிலோ எடுத்து உலர்ந்த துணியில் பரப்பி ஒற்றி, திரும்ப நிறுங்கள். 60 கிராம் குறைந்தால் ஆறு சதவீதம். வெயில் நாளிலும் அதே ஆறைக் கழித்தால் அவர்கள் முன்னாலேயே நிறுத்துக் காட்டுங்கள். சாக்கு நிறையையும் ஊகமாகக் கழிக்க விடாதீர்கள், வெறுஞ் சாக்கைத் தராசில் போடச் சொல்லுங்கள்.

ஊவாக்காரன்:
பிரித்துப் பார்த்தேன் ஐயா. 52 கிராம்தான் வந்தது. சுற்று எட்டு நாள், தவறவில்லை. மொட்டே இல்லாத தளிர்தான் நிறைய.

மடுவம்:
அப்படியென்றால் கவ்வாத்து வெட்டி, அதாவது செடியைத் தாழ வெட்டிப் புதிதாகத் துளிர்க்க விட்டு, எத்தனை வருஷம்? பக்கத்துத் துண்டு எப்போது வெட்டியது? உரம் ஒன்றாக இருந்தாலும் கவ்வாத்து வயது ஏற ஏற மொட்டு உறங்கும் தளிர் கூடும். நாலைந்து வருஷம் தாண்டியிருந்தால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஊவாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று, அதற்கு முன்னால் கத்தி வைக்காதீர்கள். மழை பிடித்த பிறகு பென்சில் தடிப்பு வேரை வெட்டி அயடீன் தடவுங்கள். கருநீலம் ஏறினால் வேரில் மாப்பொருள் இருக்கிறது, வெட்டலாம். மஞ்சளாகவே நின்றால் ஒரு மாதம், ஆறு வாரம் கொழுந்து எடுக்காமல் விட்டு மறுபடி தடவிப் பாருங்கள். அதுவரை மொட்டில்லாத தளிரை இளசிலேயே கிள்ளுங்கள். முற்ற விட்டால்தான் அது மறு குவியலுக்குப் போகும்.